பாட்டரி மேல் ஒரு வழக்கு

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று சொன்னால் நண்பர்களில் சிலர் நம்புவதில்லை, நம்புகிறவர்கள் சிரிக்கிறார்கள். கதை எழுதுகிறவன் நடந்து போகவேண்டும், அல்லது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். எனக்கும் நடப்பதில் பிரியம் உண்டு. ஆனால் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு நடந்து போக முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பொறுமையும் வயதோடு குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே பன்னிரண்டு வருஷங்களாக அந்த வண்டி என்னோடு இருக்கிறது. அதனால் எனக்கு வந்த சௌகரியங்களை எழுதினால் படிக்க ஆள் இருக்காது. அதனால் நான் ஒரு பிள்ளைக்குச் செய்த அநியாயத்தைத்தான் எழுதப்போகிறேன்.

போன வருஷம் ஒரு காலையில் வண்டி கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே 'டிக், டிக்' என்று பல்லி சொல்வதைப் போல ஒரு சத்தம். ஹாரன், தொண்டை கட்டின பாகவதர் மாதிரி இழுத்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பாட்டரி போயிடுச்சு சார்" என்றார். நாலு வருஷத்துப் பாட்டரி. போகவேண்டிய வயதுதான். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம். வண்டி பழையபடி முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. பணம் போன வருத்தத்தைவிட, வியாதி இன்னதென்று தெரிந்துவிட்ட நிம்மதி பெரிதாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மறுபடி அதே பல்லி.

முதலாளி இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தார். பாட்டரியைக் கழற்றி இரவு முழுவதும் சார்ஜ் போடச் சொன்னார். அந்த வேலையைச் செய்தவன் பட்டறையில் இருந்த பையன். பையன் என்று வழக்கத்தில் சொல்கிறேன். பத்தொன்பது வயதாவது இருக்கும். அதிகம் பேசமாட்டான். கழற்றின ஸ்குரூக்களை ஒரு தகர மூடியில் வரிசையாக வைத்து, வைத்த வரிசையிலேயே எடுத்து மாட்டுவான். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் அந்த வரிசைக்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பாட்டரியை மாட்டி, வண்டியைக் கிளப்பி, முதலாளி மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் இல்லாத, எண் காட்டுகிற மீட்டர். 14.1 என்று காட்டியது. "வண்டி நல்லா சார்ஜ் ஆவுது சார், அதுல குத்தம் இல்லே" என்றார்.

இந்த இடத்தில் அந்த எண்ணின் பொருளைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எப்படி வழி தவறினேன் என்பது விளங்காது. பாட்டரி என்பது மின்சாரத்தைத் தானாக விளைவிக்கும் வயல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அது வெறும் பத்தாயம்தான். போட்டதைத்தான் எடுக்கலாம். 1859-இல் காஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் செய்தாரே, திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பாட்டரி, அதே தத்துவம்தான் இன்றும் என் வண்டியில் இருக்கிறது. ஆறு அறைகள், அறைக்கு 2 வோல்டுக்குச் சற்று மேல், நிரம்பி ஓய்வாக இருக்கும்போது மொத்தம் 12.6 அல்லது 12.7 வோல்டு. 12-க்குக் கீழே இறங்கினால் பத்தாயத்தின் தரை தெரிகிறது என்று அர்த்தம்.

விளைச்சல் வேறு இடத்தில் நடக்கிறது. என்ஜினின் இடது பக்க மூடிக்குள்ளே, செம்புக் கம்பி சுற்றின சுருள்கள் பூவிதழ்களைப் போல வட்டமாக அமைந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு காந்தக் கிண்ணம் சுழல்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த உண்மைக்கு மேல் அங்கே புதுமை ஒன்றும் இல்லை. காந்தம் நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அப்படிப் பிறப்பது அலைந்து அலைந்து திசை மாறும் மின்சாரம். மூன்று மஞ்சள் கம்பிகளின் வழியாக அது வெளியே வந்து ரெக்டிபையர் என்ற பெட்டிக்குள் நுழைகிறது. பெட்டி அதை ஒரே திசையில் ஓடவைத்து, அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொண்டு, பாட்டரிக்கு அனுப்புகிறது. வண்டி ஓடும்போது பாட்டரியின் முனைகளில் 13.5-லிருந்து 14.5 வரை காட்டினால் விளைச்சல் வீடு வந்து சேருகிறது என்று பொருள். ஆகவே 14.1 என்று கண்டவர் 'வண்டியில் குற்றமில்லை' என்று சொன்னதில் தவறு காண முடியாது. அவர் ஊகித்துச் சொல்லவில்லை. அளந்து பார்த்துச் சொன்னார்.

ஒன்பது நாள் ஓடியது. மறுபடி நின்றது.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் உலக அனுபவம் உள்ளவர் என்று பெயர் வாங்கினவர். கேட்டுவிட்டு, "புது பாட்டரி இரண்டு வாரத்தில் போகாது. வண்டியும் சார்ஜ் ஆகிறது. அப்படியானால் உம்முடைய வண்டியில் இருப்பது நீர் வாங்கின பாட்டரி இல்லை. ராத்திரி சார்ஜ் போடும்போது மாற்றிவிட்டான்" என்றார்.

தர்க்கம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, பாருங்கள்! ஒரு படி கூட வழுக்கவில்லை. சார்ஜ் ஆகிறது என்பது அளந்த உண்மை. புதுப் பாட்டரி இவ்வளவு சீக்கிரம் சாகாது என்பது ஊரறிந்த உண்மை. இரண்டையும் சேர்த்தால் மூன்றாவதாக ஒரு திருடன் வந்து நிற்கிறான். நான் உள்ளே போய் டார்ச் விளக்கை அடித்துப் பாட்டரியைப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு கீறல் இருந்தது. வாங்கினபோது அந்தக் கீறல் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இப்போது யோசித்தால், வாங்கினபோது அதை நான் ஒரு கணம்கூட உற்றுப் பார்த்ததாக நினைவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்கு இல்லாத ஞாபகங்களெல்லாம் வந்துவிடுகின்றன.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. நாலு பேர் நடுவில், முதலாளி கேட்கும்படியாக, அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "ஏன் தம்பி, இது நான் வாங்கின பாட்டரிதானா?" அவ்வளவுதான்.

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்துகொண்டான். "நான் சார்ஜ்தான் சார் போட்டேன்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவன் கையில் இருந்த துணியை மடித்தான்; பிரித்தான்; மறுபடி மடித்தான். முதலாளி எனக்கு எதிரில் அவனை என்னவோ சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பட்டறையின் பெயர் கெடக்கூடாது என்று எனக்கு வேறொரு பாட்டரியைப் பணம் வாங்காமல் கொடுத்தார். பழையது பட்டறை மூலையில் போயிற்று. பையன் அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். 'பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த வாரம் நான் எழுதின அத்தியாயம் நன்றாக வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது பாட்டரி இருபது நாள் இருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருட்டின பிறகு திரும்பிக்கொண்டிருந்தேன். கந்தர்வகோட்டைக்கு இரண்டு மைல் இருக்கும்போது முன்விளக்கு மஞ்சளித்தது. இரண்டொரு நிமிஷத்தில் மஞ்சள் சிவப்பாயிற்று. விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினால் என்ஜினாவது பிழைக்கும் என்று ஸ்விட்சைத் தள்ளினேன். (2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் விளக்கை அணைக்கிற ஸ்விட்சே கிடையாது, என்னுடையது அதற்கு முந்தினது.) ஒரு மைல் பிழைத்தது. பிறகு இருட்டும் நானும் வயல்காட்டுத் தவளைகளும்தான். தள்ளிக்கொண்டு ஊருக்குள் போனேன். ஒரு கடையில் மட்டும் வெளிச்சம் இருந்தது. உள்ளே வயதான மெக்கானிக் ஒருவர் கை கழுவிக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் அவரைப் 'பாய்' என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"பாட்டரி போய்விட்டது, பாய்" என்றேன்.

"நீங்க சொல்றது பாட்டரி தீந்துபோச்சுங்கறது. போயிடுச்சுங்கறது வேற" என்றார் அவர். வண்டியை விட்டுவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். பாட்டரி இரவெல்லாம் நிரம்பியிருந்தது, 12.7. வண்டியைக் கிளப்பினார், 14.2. எனக்கு உள்ளூர ஒரு வெற்றி. "பார்த்தீர்களா, சார்ஜ் ஆகிறது, இந்தப் பாட்டரிகள்தான் எல்லாம் மோசம்" என்றேன்.

"இருங்க. சூடாவட்டும். காலையிலே எல்லாரும் நல்லவங்கதான்."

வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை ரோட்டில் போனார். அரைமணி கழித்துத் திரும்பி வந்தார். என்ஜினை நிறுத்தாமலே மீட்டரை வைத்தார். 12.5. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார், என்ஜின் அலறிற்று, எண் அசையவில்லை. பிறகு மூன்று மஞ்சள் கம்பிகளும் சேருகிற சாக்கெட்டைக் கழற்றினார். பிளாஸ்டிக் ஓரமாகப் பழுப்பேறி உருகியிருந்தது. கம்பிகளை இரண்டு இரண்டாக அளந்தார். மூன்று ஜோடிக்கும் ஒரே எண் வரவேண்டும் என்றார். ஒரு ஜோடியில் 58 வந்தது. மற்ற இரண்டிலும் 36, 35. என்ஜினை நிறுத்தி, மீட்டரின் ஒரு முனையை மஞ்சள் கம்பியிலும் மற்றதை என்ஜின் உடம்பிலும் வைத்தார். அந்த இரண்டுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாதாம். மீட்டர் 'கீ' என்று கத்தியது.

"காயில் உள்ளே வெந்துபோய் எர்த் ஆவுது. சூடானா தொடும், ஆறினா விட்டுடும்" என்றார்.

டீ வாங்கிவரச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து, ஆறின என்ஜினில், அதே கம்பியில், அதே இடத்தில் மீட்டரை வைத்துக் காட்டினார். சத்தம் இல்லை. அப்பழுக்கில்லாத மௌனம். நான் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகர மூடியில் வரிசையாக ஸ்குரூ வைக்கிற ஒரு கை ஞாபகம் வந்தது.

இங்கே என் கதை ஒருவிதத்தில் முடிந்துவிட்டது. வழக்கு முடியவில்லை. அதைத்தான் பல மாதங்களாக மனசில் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது விஷயம்: வண்டி நின்ற மூன்று தடவையும் நாங்கள் பிடித்தது பாட்டரியை. ஏன்? அதுதான் கண்ணுக்குத் தெரியும்படி விழுந்தது. காயில் வேகும்போது விளக்கு மங்கவில்லை, ஹாரன் இழுக்கவில்லை. பாட்டரி தன்னிடம் இருந்ததைக் கொடுத்துக் கொடுத்து, அந்தக் குறையை மூடிக்கொண்டே வந்தது. கடைசிச் சொட்டும் தீர்ந்த பிறகு விழுந்தது. விழுந்ததும் 'இதுதான் கோளாறு' என்று கழற்றி எறிந்தோம். குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஈடுகொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் தட்டை வீசி எறிகிறாள். உடனே 'அவளுக்குத்தான் நரம்புத் தளர்ச்சி' என்று தீர்மானமாகிவிடுகிறது. அதுவரை அந்த வீட்டில் யார் எதை எங்கே கசியவிட்டார்கள் என்று ஒருவரும் மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. பழைய புல்லட் வண்டிகளில் முன்விளக்கின் மேல் ஆம்மீட்டர் என்று ஒரு சின்ன முகம் இருந்தது. வரவு அதிகமானால் முள் ஒரு பக்கம், செலவு அதிகமானால் மறுபக்கம். ஓட்டுகிறவன் போகிறபோதே பார்த்துக்கொள்ளலாம். இப்போது பெரும்பாலான வண்டிகளில் அது இல்லை. மனிதர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் சிக்கலானது. தப்பான மருந்து சில நாள் வேலை செய்கிறது. புதுப் பாட்டரி நிரம்பி வருகிறது. ஆகவே காயில் செத்துக்கொண்டிருந்தாலும் பன்னிரண்டு நாள் ஓடுகிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் நம்முடைய தீர்ப்பு சரி என்பதற்குச் சாட்சியாகிவிடுகின்றன. பாட்டரி மாற்றியும் வண்டி கிளம்பாமல் இருந்திருந்தால் அன்றைக்கே வேறு இடத்தில் தேடியிருப்போம்.

மூன்றாவது விஷயத்தைக் கந்தர்வகோட்டையிலிருந்து திரும்பின மறுநாள்தான் அறிந்தேன். மேஜை இழுப்பறையில் எதையோ தேடும்போது அந்த முதல் புதுப் பாட்டரியின் உத்தரவாதச் சீட்டு கைக்குக் கிடைத்தது. அதில் ஓர் எண் எழுதியிருந்தது. பாட்டரியின் மேலேயும் எண் அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? சீட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். மூலையில் தூசியோடு அது கிடந்தது. துடைத்துப் பார்த்தேன். எண் சரியாக இருந்தது. கீறலும் இருந்தது. அது நான் வாங்கின பாட்டரியேதான்.

கோவலன் கதையை நாம் எல்லோரும் எத்தனை தடவை கேட்டிருப்போம்! பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுப் பாண்டியன் ஆராயாமல் கொன்றுவிட்டான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு இப்போது அதில் தைக்கிற இடம் வேறு. உண்மையை அறிவதற்கு அவனுக்குப் பெரிய விசாரணை ஒன்றும் தேவைப்படவில்லை. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடி. அந்த ஒரு நொடிச் சோதனை நடந்தது, தலை போன பிறகு. என்னுடைய சிலம்பு என் இழுப்பறையிலேயே இருந்தது. திண்ணைக்கும் இழுப்பறைக்கும் பத்தடி தூரம்.

பட்டறைக்காரர் எனக்காக அந்தப் பாட்டரியை மறுபடி சார்ஜ் போட்டுப் பார்த்தார். தேறவில்லை. பாட்டரி காலியாகும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. உடனே நிரப்பினால் அது கரைந்து பழையபடி ஆகிவிடும். காலியாகவே நாள்கணக்கில் போட்டுவைத்தால் அது கெட்டிப்பட்டுப் படிகமாகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் ஏற்காது. இரண்டு தடவை அடிவரைக்கும் காலியாகி, பிறகு மூலையில் வாரக்கணக்கில் கிடந்ததில், நல்லதாக வந்த அந்தப் பாட்டரி உண்மையாகவே கெட்டுப்போயிருந்தது. "பாத்தீங்களா சார், நாம சொன்னது சரிதான், இது போன பாட்டரிதான்" என்றார் முதலாளி. அவர் சொன்னதும் பொய்யில்லை! இன்று அதை அளந்து பார்க்கிற யாரும் அதைக் கெட்ட பாட்டரி என்றுதான் சொல்வார்கள். எங்கள் தீர்ப்புக்குப் பிறகு கெட்டது என்பதை எந்த மீட்டரும் காட்டாது. திருடன் என்று துரத்தப்பட்ட ஒரு பிள்ளை, வேலை கிடைக்காமல், ஒருநாள் நிஜமாகவே எதையாவது எடுத்துவிட்டால்? 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல என் நண்பர் இருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு வக்கீல் நண்பர் ஒருவரும் உண்டு. இந்த வழக்கை அவரிடம் வைத்தேன். அவர் சிரித்தார். "நீர் கேட்டது கேள்வி. கேள்வி குற்றமாகுமா? நீக்கினது முதலாளி. சந்தேகத்தைக் கிளப்பினது திண்ணை நண்பர். முதலாளியை ஏமாற்றினது ஆறின காயில். காயில் ஏன் வெந்தது? எண்ணெய், உஷ்ணம், காலம். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் பாரடேயைத்தான் கூண்டில் ஏற்றவேண்டும்" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. காரணத்துக்குக் காரணம் தேடிக்கொண்டு போனால் குற்றம் என்பதே கரைந்துபோகிறதல்லவா? பாய் அன்று இடது பக்க மூடியைத் திறந்து காட்டினார். சுருள்களில் முக்கால்வாசி செம்பு நிறமாக இருந்தன. நாலைந்து மட்டும் கரியாகியிருந்தன. வெந்த வார்னிஷ் நாற்றம். "காயில் எதனால் வெந்தது, பாய்?" என்று கேட்டேன். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "எண்ணெய் எப்ப மாத்தினீங்க?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காயில் எண்ணெயில்தான் குளிர்ந்துகொள்ள வேண்டும். எண்ணெய் மட்டம் வெகுவாக இறங்கியிருந்தது. "அப்படியானால் நான்தான் காரணமா?" என்றேன்.

"அதனாலேதான்னு நான் சொல்ல மாட்டேன். அதுவும் இருக்கலாம். சாக்கெட்டு சூடானதும் இருக்கலாம். இந்த மாதிரி வண்டியிலே காந்தம் சும்மா இருக்காதுங்க. உங்களுக்கு வேணும்னாலும் வேணாம்னாலும் முழுசாத்தான் உண்டாக்கும். மிச்சத்தை ரெக்டிபையர் சுருட்டித் திருப்பிவிட்டு உஷ்ணமாக்கிடும். காயிலுக்கு ஓய்வே கிடையாது."

அப்படியானால் அந்த இருட்டில் நான் விளக்கை அணைத்துச் சிக்கனம் செய்தது பாட்டரிக்குத்தான் உதவியது. சீராக இருக்கிற நாளில் அப்படிச் செய்தாலும் காயிலுக்கு அதனால் ஒரு சொட்டு இளைப்பாறுதல் கிடையாது. இத்தனை வருஷம் பகலில் விளக்கை எரியவிடாமல் வண்டிக்குத் தயவு காட்டுவதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாய் தேடுவதை அங்கே நிறுத்திக்கொண்டார். வெந்த காயிலை மாற்றவேண்டும், உருகின சாக்கெட்டை மாற்றவேண்டும், எண்ணெய் ஊற்றவேண்டும். அதற்கு மேல் யார் காரணம் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. தன் கை போய்த் திருத்தக்கூடிய இடம் வரைக்கும்தான் அவர் போகிறார். வள்ளுவர் மருந்தைப் பற்றிச் சொன்ன அதிகாரத்திலும் நோயைத் தேடு, அதன் மூலத்தைத் தேடு, தணிக்கும் வழியைத் தேடு என்பதுதான் ஒழுங்கு. குற்றவாளியைத் தேடு என்பது அதில் இல்லை. மெக்கானிக்குக்கு அது போதும். வைத்தியனுக்கும் போதும். ஆனால் ஒரு பையன் தெருவில் நிற்கும்போது அது போதுமா?

வக்கீல் நண்பருக்கு நான் சொன்ன பதில் இது. சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதன் கண்ணிகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. காயிலுக்கு நிறுத்திக்கொள்ளும் சக்தி இல்லை, அது வெந்தது. பட்டறைக்காரர் அளந்தார், ஆறின வண்டியில் அளந்தது அவருடைய அறியாமை. அதற்காக அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அறியாமல் தவறுவது மனிதனுக்கு இயல்பு. ஆனால் சோதனை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், அதைச் செய்தால் நம் சந்தேகம் பொய்யாகிவிடுமோ என்று செய்யாமல் விடுகிறோமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இழுப்பறையில் சீட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீறலைத் தேடப் போனேன். எனக்கு அன்று வேண்டியிருந்தது உண்மை இல்லை; ஓர் ஆள். ஆள் கிடைத்துவிட்டால் மனசு ஆறிவிடுகிறது. அப்புறம் கேள்வி கேட்டேனே, அது இன்னும் மோசம். திருடன் என்று நேராகச் சொல்லியிருந்தால் 'நிரூபி' என்று அவன் என்னைக் கேட்டிருக்கலாம். கேள்வியாகப் போட்டதனால் நிரூபிக்கிற பாரத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டு நான் கௌரவமாக நின்றுகொண்டேன்.

"ரொம்பக் கடுமையாக இருக்கிறீர்" என்றார் வக்கீல். வேறு யாராவது இதே காரியத்தைச் செய்திருந்தால் அவர் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பையனைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. பட்டறையில் அவன் வீடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை; இரண்டு வருஷம் கூடவே வேலை செய்தவர்கள்! வல்லம் பக்கம் என்று ஒருவர் சொன்னார். ஒரு தடவை போய் வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பினேன். இரண்டாம் தடவை அவன் அம்மா இருந்தாள். யார் என்று கேட்டாள், பெயரைச் சொன்னேன். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ரோட்டோரத்தில் ஒரு பஞ்சர் கடையில் இருக்கிறான் என்று வழி சொன்னாள்.

போனேன். ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள், எழுத்தாளன் வாக்கியங்கள், ஒன்றும் வாயில் வரவில்லை. "தம்பி, அந்தப் பாட்டரி என்னுடையதுதான். எண்ணைச் சரி பார்த்தேன். தப்பு என்னுடையது. பட்டறையிலும் சொல்லிவிட்டேன்" என்றேன்.

அவன் தலையை அசைத்தான். சரி என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எதுதான் சார் போயிருந்துச்சு?" என்று கேட்டான்.

சொன்னேன். சூடானால் தொடுகிறது, ஆறினால் விட்டுவிடுகிறது என்றதும் அவன் கண் கூர்மையாயிற்று. "நாங்க காலையிலேதான் பாத்தோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு ரோட்டில் நின்ற என் வண்டியைப் பார்த்தான்.

"காயில் மாத்தினாங்க, சரி. சாக்கெட்டை மாத்தினாங்களா? பழசையே சொருகியிருந்தா திரும்பச் சூடாவும்."

மாற்றச் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். மாற்றினார்களா என்று நான் பார்க்கவில்லை. அதைச் சொல்வதற்குள் அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒரு தகர மூடியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து மூடியின் முதல் ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கிவிட்டான்.